பார்சிப்பனி ராகுவும் இத்தாலி மலையும்

அன்றைக்கு அமெரிக்காவில், எங்கள் பார்சிப்பனி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், மகன் பிரபு, மருமகள் அனிதா. போன் ஸ்பீக்கரில் இருந்த திருப்பூர் அக்கா சரோஜாவையும் சேர்த்தால் ஐந்து. ஆனி மாதம் இவருக்கு அறுபது முடிகிறது. அதைப் பற்றித்தான் பேச்சு.

"அறுபதாங் கல்யாணத்தப் பண்ணிப்போடு செல்வி. போன வருசந்தான் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச மனுசன். சும்மா விட்டறாதே" என்றாள் அக்கா.

"அறுபதாங் கல்யாணம் பண்ணுனா கெழவன்னு நெத்தியில சீல் குத்துன மாதிரிங்க. எனக்கு வேண்டாமுங்க. அந்தக் காசுக்கு ஒரு நல்ல மலையக் காட்டுடா பிரபு, ஏறிப் பாக்கறேன்" என்றார் இவர்.

பிரபுவுக்கு அது போதுமானதாக இருந்தது. "இத்தாலி போலாம்பா. பாதி சிட்டி, பாதி மலை. எல்லாமே ஃபைவ் ஸ்டார். நீங்க ரெண்டு பேரும் பையத் தூக்கக்கூட வேண்டாம்" என்றான். அனிதா கை தட்டினாள். நானும் சரி என்றேன். ஆனால் என் மனசு சரி என்று சொல்லவில்லை.

அறுபது முடிகிற மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தன்று, புருஷன் பெண்டாட்டிக்கு இன்னொரு தடவை தாலி கட்டினால் ஆயுசு கெட்டி என்பார்கள். மற்றவர்களுக்கு அது விருந்து, போட்டோ, பட்டுப்புடவை. போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த எனக்கு அப்படி இல்லை. அக்காவிடம் தனியாகச் சொல்லி, மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு பொட்டுத்தாலியை ஊரிலிருந்து வந்தவர் மூலம் வரவழைத்தேன். பாஸ்போர்ட் வைக்க வாங்கிய இடுப்புப் பைக்குள், பாஸ்போர்ட்டுக்கும் அடியில் அதை வைத்தேன். இவர் நட்சத்திரமான அவிட்டம் சனிக்கிழமை வந்தது, நாங்கள் மலையில் இருக்கும் நாள். அன்று சாயங்காலம் ஹோட்டல் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, காலில் விழுந்தாவது கட்டச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். இத்தாலி பூட்ஸ் மாதிரி இருக்கும் என்கிற பாடம் வரைக்கும் பூகோளம் நடந்தது. அதற்கப்புறம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள். இருபது வருஷம் துணியில் ஓட்டை தேடியவளுக்கு எதைப் பார்த்தாலும் எங்கே ஓட்டை என்றுதான் கண் போகும். வெனிஸில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது, ஊரே ஓட்டை. ரோடு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீர். வாசல் கதவைத் திறந்தால் தண்ணீர். குழந்தை குட்டி இருக்கிற வீட்டில் எப்படித்தான் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவார்களோ!

எங்களை ஏற்றிக்கொண்டு போன படகு நாற்காலியெல்லாம் வெள்ளைத் தோல். இவர் கோடீஸ்வரர் மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். எதிரே ஒரு மஞ்சள் படகு சைரன் போட்டுக்கொண்டு பறந்தது.

"அது என்னடா?"

"ஆம்புலன்ஸ்மா."

அதற்கப்புறம் வெனிஸில் நான் பார்த்த அழகெல்லாம் பாதி அழகுதான். இங்கே இவருக்கு நெஞ்சு வலித்தால் படகு வரணும், படகு வர அலை அடங்கணும். மாத்திரை டப்பாக்களை என் பையிலிருந்து எடுத்து இவர் சட்டைப் பையில் ஒன்று, பிரபு பையில் ஒன்று, அனிதா பையில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தேன்.

"அத்தை, நாம நாலு பேரும் ஒரே போட்லதான் இருக்கோம்" என்றாள் அனிதா. அமெரிக்காவிலேயே, சான் ரமோனில் பிறந்து வளர்ந்த பெண். தமிழில் பேச ஆரம்பித்தால் கல் தடுக்கின மாதிரி நின்று நின்று பேசுவாள், ஆனால் பேசுவாள்.

ஹோட்டல் ஒரு காலத்தில் யாரோ சீமானின் மாளிகையாம். மெத்தை விரிப்பை மடித்துத் தையல் பார்த்தேன். ஒரு குறை இல்லை, கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தால் தலையணை மேல் ஒரு சாக்லேட் கிடந்தது. முன்னால் தங்கியவர்கள் மறந்து வைத்துவிட்டுப் போனது என்று நினைத்து, கீழே கொண்டுபோய் ரிசப்ஷனில் கொடுத்தேன். அங்கிருந்த பையன் மார்பில் கை வைத்து வணங்கி, இன்னும் நான்கு கொடுத்தனுப்பினான். "அடுத்து தலகாணியக் கொண்டுபோய்க் குடு புள்ள. நாலு தலகாணி குடுப்பான்" என்றார் இவர்.

மறுநாள் ஊர்ப் பொதுப் படகில் போய்ப் பார்க்கலாம் என்று பிரபு கூட்டிப்போனான். நம்மூர் டவுன் பஸ் மாதிரிதான், நிற்க இடமில்லை. பக்கத்தில் இரண்டு பெண்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். சண்டையோ என்று நான் பயந்ததால் பிரபு போனை நீட்டி மொழிபெயர்த்துப் பார்த்தான். ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தது இது: "என் சாஸ் அவன் அம்மா வைக்கிற சாஸ் மாதிரி இல்லையாம். அப்படியென்றால் அம்மாவோடேயே போய்க் குடித்தனம் பண்ணட்டும்." அனிதா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன். போன வாரம்தான் அவள் வைத்த ரசத்தில் புளி தூக்கல் என்று சொல்லியிருந்தேன்.

இந்தச் சுவாரசியத்தில் படகு எதிர்த்திசையில் போவதை ஒருவரும் கவனிக்கவில்லை. பிரபு அவசரமாக இறக்கிவிட்டது ஒரு சின்னத் தீவில். செங்கல் மதில், உயரமான மரங்கள், பூங்கொத்தோடு நடக்கிற ஜனங்கள். ஏதோ பூங்கா என்று உள்ளே போனால் வரிசை வரிசையாகக் கல்லறை. ஊரின் இடுகாடே அந்தத் தீவுதானாம்! அறுபது முடியப் போகிற மனுஷனைக் கூட்டிக்கொண்டு, பொதுப் படகில் முதல் முதலாகப் போய் இறங்கிய இடம் இது. இவரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். "எத்தன சுத்தமா வெச்சிருக்கறாங்க பாரு. நம்ம முனிசிபாலிட்டிக்காரனக் கூட்டியாந்து காட்டோணும்." அடுத்த படகு வருகிற வரை கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே நின்றேன்.

மூன்றாம் நாள் காரில் மலைக்குப் போனோம். வால்பாறைக் கொண்டை ஊசி வளைவெல்லாம் இதற்குத் தம்பி. ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக்கை மிதித்தேன், என் காலடியில் பிரேக் இல்லை என்பது வேறு விஷயம். மேலே போனதும் இறங்கிப் பார்த்தோம். பச்சைப் பசேல் என்று புல்வெளி, அதன் நடுவில் திடீரென்று முளைத்த மாதிரி வெளுத்த பாறைகள், பல் வரிசை மாதிரி. மாடுகளெல்லாம் கழுத்தில் சொம்பு பெரிசுக்கு மணி கட்டியிருந்தன. ஒவ்வொன்றும் வயிறு நிறைந்த மாடு.

அங்கே ஹோட்டலில் முதல் ராத்திரி, தங்க விளிம்பு போட்ட தட்டில், காளான் குழம்பு ஊற்றி மஞ்சளாக ஒன்று வந்தது. பேர் பொலெந்தா. இவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டார்.

"மக்காச்சோளக் களிதானே இது! இதத் திங்க வேண்டாம்னுதானடா நான் அமெரிக்கா வந்தேன்!"

இரண்டு தட்டு சாப்பிட்டார். என் கைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் மேஜைக்கு அடியில் கைமாறியது. பார்த்துவிட்ட பரிமாறுகிற அம்மாள் தனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பி, "இது மருந்தா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டான் பிரபு.

சனிக்கிழமை விடிந்தது. அவிட்டம். இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஹோட்டல் பெட்டகத்தில் வைக்க மனசில்லாமல் கூடவே எடுத்துக்கொண்டேன். கேபிள் காரில் மேலே போய், அங்கிருந்து மெதுவாக ஒரு ஏரி வரைக்கும் நடந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். இவருடைய டாக்டர், மெதுவாக நடந்தால் தாராளமாகப் போகலாம் என்று சொல்லியிருந்தார். நான் அவரிடம் மூன்று தடவை கேட்டிருந்தேன்.

கிளம்புமுன் போனில் பஞ்சாங்கம் பார்த்தேன். ஊரில் என்றால் சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நாட்டுக்கு நாடு சூரியன் உதிக்கிற நேரம் மாறுகிறதே! அமெரிக்கா வந்த பிறகு போன் சொல்கிற ராகுவைத்தான் நம்புவது. போன், மத்தியானம் மூன்றேகாலிலிருந்து ஐந்து மணி தாண்டும் வரை என்று காட்டியது. இத்தனை தள்ளியா என்று ஒரு கணம் இடறியது. கடல் தாண்டி வந்திருக்கிறோம், இருக்கும் என்று விட்டுவிட்டேன். காலையில் ஒன்பது மணிக்கு சந்தோஷமாகக் கிளம்பினோம்.

ஏரி, கண்ணாடிதான். மலை தலைகீழாக உள்ளே நின்றது. ஹோட்டல்காரர்கள் மூங்கில் கூடையில் துணி நாப்கின் வைத்துக் கட்டிக் கொடுத்த ரொட்டி, சீஸ், ஆப்பிள் பணியாரம் மாதிரி ஒன்று. கூடவே நான் பார்சிப்பனியிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறிய சாதம். ஹோட்டல் சமையலறையில் சாதத்துக்கு அனிதா கெஞ்சிய கதை தனி. சாப்பிட்டு முடித்து இவர் புல்லில் படுத்துக் குட்டித் தூக்கம் போட்டார்.

மூன்று மணிக்குப் பிரபு எழுந்தான். "கிளம்பலாமா? கடைசி கேபிள் கார் அஞ்சரைக்கு."

கிளம்பினால் நடு வழியில் ராகு பிடித்துக்கொள்ளும். அதுவும் இந்த நாளில், இந்த மனுஷனோடு, மலைச்சரிவில். "அப்பா கொஞ்சம் தூங்கட்டும்" என்றேன். அப்புறம் மிச்ச சாதத்தைப் பிரித்தேன். அப்புறம் கால் மரத்துப்போனது. அப்புறம் நான்கு பேரும் சேர்ந்து போட்டோ, நான் தனியாக, அனிதா தனியாக, மாடு தனியாக. இதுவரை போட்டோ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நான் இப்படிக் கேட்டதும் அனிதாவுக்கே சந்தேகம் வந்தது. "அத்தை, ஆர் யூ ஓகே?"

ஐந்து மணி தாண்டியதும் துள்ளி எழுந்தேன். "ம், நட, நட!"

"இறக்கந்தானே, வேகமாப் போயிரலாம்" என்று பிரபு முன்னால் ஓடினான். இறக்கம் பாதிதான். அதற்கப்புறம் ஏற்றம். வேக வேகமாக நடந்த இவர் ஒரு பாறை பக்கத்தில் நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏனுங்க? ஏனுங்க! வலிக்குதுங்களா?"

"வலிக்கல புள்ள. மூச்சுதான். கொஞ்சம் சும்மா இரு."

மூன்று பைகளிலிருந்தும் மூன்று மாத்திரை டப்பா வந்தது. அவர் எதையும் வாங்கவில்லை. தண்ணீர் குடித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரறியக் கை பிடிக்கிற ஆள் இல்லை இவர். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது, முகம் தெளிந்தது. அவர் எழுந்திருக்கையில், தூரத்தில் கடைசி கேபிள் கார் ஆளில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, கேபிள் கார் நிலையத்தை ஒட்டி மலையேறுகிறவர்கள் தங்குகிற ஒரு மர விடுதி இருந்தது. மெல்ல மெல்ல நடந்து அங்கே போய்ச் சேர்ந்தோம். நடத்துகிற அம்மாள் எங்களுக்கு ஒரு அறையைக் காட்டினாள். எட்டுப் பேர் படுக்கிற அடுக்குக் கட்டில், சாம்பல் நிறக் கம்பளி. கீழே எங்கள் ஐந்து நட்சத்திர அறை, வெனிஸிலிருந்து கொண்டுவந்த நான்கு சாக்லேட்டோடு பூட்டிக் கிடந்தது.

சூப் வருகிற நேரத்தில் பிரபு மெதுவாகக் கேட்டான், "ஏம்மா, ஏரிக்கரையில எதுக்கு அத்தன நேரம் இழுத்தடிச்சீங்க?"

சொல்லிவிட்டேன். போனையும் காட்டினேன். அவன் பார்த்தான். உதட்டைக் கடித்தான். முடியாமல் மேஜையில் தலையை வைத்துக் குலுங்கினான்.

"அம்மா... இது பார்சிப்பனி ராகு! ஊர் மாத்தவே இல்ல நீங்க, மணி மட்டும் இந்த ஊருக்கு மாறியிருக்கு. அங்க காலைல ஒம்பதே காலுக்கு வந்த ராகுவுக்குப் பயந்துட்டு இங்க சாயங்காலம் உக்காந்திருந்திருக்கோம்!"

"அப்போ இந்த ஊர் ராகு எப்போடா?"

"காலைலயே. கிளம்புனமே, அப்போ!"

இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்போ ராகுவுக்குள்ளயே கெளம்பி, ஏறி, புளிசாதந் தின்னு, தூங்கி எந்திரிச்சும் இருக்கறேன். அப்புறமென்ன!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லது நினைத்துச் செய்த ஒன்றே இவரை அவசரமாக மலையேற வைத்து, பாறையில் உட்கார வைத்துவிட்டது. ஹோட்டல் அறை, சாத்திய கதவு, எல்லாம் போயிற்று. விடிந்தால் அவிட்டமும் போய்விடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு சூப்பைக் கலக்கினேன். கேட்பதில்லை என்று தீர்மானித்தேன்.

இவர் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "எடு அத."

"எதைங்க?"

"இடுப்புப் பையில பாஸ்போர்ட்டுக்கு அடியில இருக்கறத. ஏர்போர்ட்டுல செக்யூரிட்டிக்காரன் எடுத்துப் பாத்தப்பவே பாத்துட்டேன். ஓட்டல்ல கேட்டிருந்தீன்னா தட்டிக் கழிச்சிருப்பேன் புள்ள. அந்தப் பாறையில உக்காந்தப்போ... எனக்கும் பயந்துபோச்சு. உன்னையத்தான் நெனச்சேன். எடு."

"நேரம்..." என்றேன்.

"எந்த ஊர் நேரம் வேணும்?"

அனிதா என் போனைப் பிடுங்கி, ஊர் பெயரை மாற்றி, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை, நவ் இஸ் குட். ப்ராமிஸ். இட்டலி ராகு எல்லாம் போயாச்சு."

என்ன நடக்கிறது என்று விடுதி அம்மாள் கேட்டாள். பிரபு ஆங்கிலத்தில், அப்பாவும் அம்மாவும் இப்போது கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்றான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு இத்தனை வயசாகிறதே, இதுவரை செய்துகொள்ளாமலா இருந்தார்கள்?" என்றாள். இரண்டாம் தடவை என்று விளக்கியதும் அடுத்த மேஜையிலிருந்த ஒரு பெரியவர், தீனோ என்று பேர், தன் மனைவி கிளாராவைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்தார். கொஞ்சம் ஆங்கிலம் பேசினார்.

"அதே பெண்ணையா? இரண்டாவது தடவையும்? தைரியசாலி!" என்றவர், கிளாராவின் முழங்கையால் ஒரு இடி வாங்கியதும் அடங்கினார்.

சமையலறையிலிருந்து பச்சரிசி மாதிரி ஒரு கைப்பிடி வந்தது. என் பையில் மஞ்சள்தூள் இருந்தது, அட்சதை ஆயிற்று. ஜன்னல் பக்கம் கிழக்கு எது என்று பிரபு போனில் பார்த்து நிற்க வைத்தான். ஐயர் இல்லை, ஹோமம் இல்லை. இவர் மலையேறுகிற பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நின்றார். நான் ஜாக்கெட்டைக் கழற்றிச் சுடிதாரோடு நின்றேன். அவர் கயிற்றை எடுத்ததும் பிரபு தொண்டை கிழிய, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினான். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, சுவரில் மாட்டியிருந்த மாட்டு மணியைக் கழற்றி ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். மேஜைகளில் சூப் கரண்டிகள் தடதடத்தன. இவருக்கு முடிச்சுப் போட விரல் வரவில்லை. மூன்றாவது முடிச்சை, எங்கள் கல்யாணத்தில் நாத்தனார் போட்ட மாதிரி, அனிதா போட்டாள். சரியாகவே போட்டாள். நான் இழுத்துப் பார்த்தேன், நிற்கிறது.

"அனிதா கண்ணு, உன்ற ரசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன், அழுதுகொண்டே. அவளுக்கு ஒன்றும் புரியாமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் தீனோ, உங்கள் ஊரில் கல்யாணத்துக்கு என்ன பரிசு கொடுப்பார்கள் என்று கேட்டார். மொய் என்றான் பிரபு. அது பரிசு இல்லை, உங்கள் வீட்டு விசேஷத்தில் நாங்கள் திருப்பிச் செய்தே ஆகவேண்டிய பணம் என்று விளக்கினான். பெரியவர் அதை ஆழ்ந்து யோசித்து, மிகச் சரியான ஏற்பாடு என்று சொல்லி, பர்ஸிலிருந்து இருபது யூரோ நோட்டை எடுத்தார்.

"மொட்டையாக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுடா, ஒண்ணு சேத்தோணும்" என்றார் அறுபது வயசு மாப்பிள்ளை.

கிளாரா தன் கோட்டுப் பையைத் துழாவி ஒரு யூரோ நாணயத்தை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். வசந்த காலத்தில் அவர்கள் பேத்திக்குக் கல்யாணமாம். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். மாதா கோவிலுக்கு எதிர் வீடு, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வந்தே ஆகவேண்டும் என்றார். வருகிறோம் என்று இவர் தீனோவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

எனக்கு உடனே பதறியது. கீழ்க் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டே கேட்டேன், "என்னங்க நீங்க பாட்டுக்கு வாங்கிட்டீங்க? அடுத்த வருசம் நாம எப்படி இருப்போமோ, என்னவோ?"

"மொய் பாக்கிய வெச்சுட்டு நான் எங்கீம் போயிர மாட்டேன் புள்ள. தூங்கு" என்றார் மேல் கட்டிலிலிருந்து.

தூங்கினேன். பார்சிப்பனி வந்து சேர்ந்து மாதம் இரண்டாகிறது. வாங்கினதை வாங்கினபடியே திருப்பிச் செய்வது எங்கள் பக்கம் மரியாதை இல்லை, மேலே போட்டுத்தான் செய்யவேண்டும். அது எவ்வளவு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்றைய தேதிக்கு, இத்தாலியில் எங்கள் பாக்கி இருபத்தொரு யூரோ.